கடற்கரை ஊரில் மீன் சாப்பாட்டின் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? தரங்கம்பாடியை முன்வைத்து ஒரு விளக்கம்

கோடை விடுமுறையில் தரங்கம்பாடி போய்வந்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கடலுக்கு நேர் எதிரே கடை இருக்கிறது, ஆனால் வஞ்சிரம் இல்லை. இருந்தாலும் சென்னை விலை சொல்கிறார்கள். ஏன்?

செய்தியைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. ஒரு நாள் மீனவப் பஞ்சாயத்தார் கூடித் தொழில் நிறுத்தம் அறிவித்ததாகச் செய்தி வரும். இன்னொரு நாள் பேரூராட்சி சாலையோரக் கடைகளை அப்புறப்படுத்தியதாக வரும். வேறொரு நாள் வணிகர் சங்கத்தின் கடையடைப்பு. எல்லாம் இதே போன்ற சின்ன ஊர்களில்தான் நடக்கிறது. இவர்களில் யாருக்கு எந்த அதிகாரம், யார் சொன்னால் எது நிற்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்குவதில்லை.

மீன் விலைக்குக் காரணம் தேடிக்கொண்டே போனால் நாம் போய் நிற்கிற இடம் வேறு. கடற்கரை ஊரில் சின்ன உணவுக் கடைகளைப் பெரும்பாலும் நடத்துவது பெண்கள். அவர்களுடைய வரவு செலவைத் தீர்மானிக்கும் அமைப்புகள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றில் மிகவும் வலுவான அமைப்பில் அவர்களுக்கு ஓர் இருக்கைகூட இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

## ஊரும் கடைகளும்

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க்காரர்கள் 1620ல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845ல் ஊரை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கிய ஊர் இது. கோட்டை, நகர வாயில், ராஜ வீதி, பழைய தேவாலயங்கள், கடல் ஒரு பகுதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் ஆகியவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அரை நாளில் திரும்பிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ முடித்துவிட்டு வேனில் வந்து இறங்கும் குடும்பங்களும் நிறைய. அவர்களில் பலர் அன்றைக்கு மீன் தொடமாட்டார்கள் என்பதும் கடைக்காரர்களின் கணக்கில் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் உணவுக் கடைகள் நான்கு வகை.

1. கரையோர இட்லிக்கடையும் டீக்கடையும். விடியுமுன் அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். வீட்டுத் திண்ணையிலோ ஓலைச் சார்ப்பிலோ நடக்கும். கடலுக்குப் போகிறவர்களும், படகு கரை வந்ததும் வலை தட்டி மீன் பிரிக்கிறவர்களும், கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்களும்தான் வாடிக்கையாளர்கள். பாதி வியாபாரம் கணக்கு நோட்டில்.

2. கோட்டைப் பக்கத்து வறுவல் கடைகள், தள்ளுவண்டிகள். சாயங்காலமும் விடுமுறை நாளும்தான் இவற்றின் நேரம். வறுத்த மீன், இறால், நண்டு, பஜ்ஜி, சுண்டல்.

3. சாலையோர மெஸ், பரோட்டா கடை, பிரியாணிக் கடை. பேருந்துப் பயணிகளையும் லாரிக்காரர்களையும் நம்பி இருப்பவை. மதியம் மீன் குழம்புச் சாப்பாடு.

4. பழைய மாளிகைகளில் நடக்கும் விடுதிகளின் உணவகங்கள். இவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார்கள். மீன் கிடைக்காத நாளில் கோழியும் காய்கறியும் வைத்துச் சமாளிக்க இவர்களுக்கு வசதி உண்டு.

சுற்றுலா வருகிறவர் கண்ணில் படுவது இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும். ஊரைத் தாங்கி நிற்பது முதல் வகை. கடலில் ஏதாவது ஒன்று நின்றுபோனால் முதலில் அடி விழுவதும் அங்கேதான். அந்தக் கடை மீன் விற்பதே இல்லை, மீன் பிடிக்கிறவருக்குச் சோறு போடுகிறது. அதனால் மீன் விலை ஏறினாலும் அதற்கு ஆதாயம் கிடையாது. ஆட்கள் கரைக்கு வரவில்லையென்றால் கல்லாவும் இல்லை.

## 61 நாள் தடை: யாருக்கு, எதற்கு?

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983ல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மீன்கள் முட்டையிடும் பருவத்தில் விசைப்படகுகளுக்குத் தடை விதிப்பது 2001ல் தொடங்கியது. முதலில் 45 நாள்; 2017லிருந்து 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. டெல்டா விவசாயிக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் 12 எப்படியோ, விசைப்படகுக்காரருக்கு ஜூன் 14 நள்ளிரவு அப்படி.

இந்த இரண்டு மாதமும் கடலில் மீன்பிடிப்பே கிடையாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு.

1. தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையோரம் போய் வரலாம். ஆகவே நெத்திலி, மத்தி, கிழங்கான், காரப்பொடி, நண்டு போன்றவை ஓரளவு வந்துகொண்டேதான் இருக்கும். தடைக்காலத்தில் தரங்கம்பாடி போகிறவர் வஞ்சிரம் கேட்காமல் கிழங்கான் வறுவல் கேட்டால், கிடைப்பது அன்றைய மீனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. அந்த நாட்களில் மெஸ்களில் கிடைக்கும் பெரிய மீனில் கணிசமான பகுதி மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. மேற்குக் கரையின் தடை ஜூன் 1ல் தொடங்கி ஜூலை 31ல் முடிகிறது. இரு கரைக்கும் தடைக்காலம் வேறு என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து இங்கே சரக்கு வரும். லாரி வாடகை, ஐஸ், இடைத்தரகர் எல்லாம் விலையில் ஏறும். சென்னை விலை என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். சென்னைக்கும் தரங்கம்பாடிக்கும் அப்போது மீன் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வருகிறது.

3. ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு தடையும் சேர்ந்துகொள்கின்றன. வருஷத்திலேயே பெரிய மீனுக்குக் கடும் தட்டுப்பாடு இந்த இரண்டு வாரத்தில்தான்.

4. பள்ளி விடுமுறையும் அதே ஏப்ரல், மே மாதங்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆள் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது சரக்கு அடிமட்டத்தில். வறுவல் கடைக்காரர் விலையை ஏற்றுவதைப் பேராசை என்று எழுதிவிடுவது சுலபம். அவர் கிலோவுக்குக் கொடுத்த விலையைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை.

தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. மழைக்கால மீன்பிடி குறைவுக் காலத்துக்குத் தனி உதவி உண்டு. மத்திய, மாநில அரசுகளும் பயனாளியும் சேர்ந்து பணம் போடும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு; மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் 4,500 ஆகத் திரும்பி வரும். எல்லாம் வேண்டியவை. ஆனால் இவை மீன்பிடித் தொழிலுக்கான நிவாரணங்கள். மீன்பிடித் தொழிலை நம்பி இட்லி சுடுகிறவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. மீனவக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் குடும்பத்துக்கு வரும் தொகையில் ஒரு பங்கு, அவ்வளவுதான். விசைப்படகில் போகிற ஆட்களுக்கு அவர் போட்ட கடன் நோட்டில் ஏறிக்கொண்டே போகும். கொடுக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. சொன்னால் ஜூன் 15ஆம் தேதி காலையில் அந்த ஆட்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

## ஊர் பஞ்சாயத்து வேறு, பேரூராட்சி வேறு

மீனவ கிராமங்களில் இரண்டு நிர்வாகம் ஒரே நேரத்தில் நடக்கிறது. செய்தியில் இரண்டுமே வருவதால்தான் குழப்பம்.

முதலாவது ஊர் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் கிராமங்களில் பல தலைமுறையாக இருந்து வருவது. பொறுப்பில் இருப்பவர்களை நாட்டார், பஞ்சாயத்தார் என்பார்கள். முன்பு பரம்பரையாக வந்த பதவிகள் இப்போது பல ஊர்களில் தேர்ந்தெடுத்து நிரப்பப்படுகின்றன. தரங்கம்பாடிக்கு இதில் தனி இடம் உண்டு. சுற்றுப்பட்டு மீனவ கிராமங்களுக்குத் தலைமைக் கிராமம் இதுதான். ஓர் ஊரில் தீராத வழக்கு தலைமைக் கிராமத்துக்கு வரும்; பல ஊர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவும் இங்கே கூடித்தான் எடுக்கப்படும்.

ஊர் பஞ்சாயத்து செய்யும் வேலைகள் சில:

1. எந்த வலை, எந்த நேரம் என்று தொழில் ஒழுங்கு வகுப்பது. மீறினால் அபராதம்.

2. கடலில் வலை அறுந்தது, படகு மோதியது போன்ற வழக்குகளைத் தீர்ப்பது.

3. கோயில் திருவிழா நடத்துவது, அதற்கு வரி வசூலிப்பது.

4. ஆள் காணாமல் போனால் படகுகளைத் தேட அனுப்புவது. அன்றைக்கு எல்லாரும் தொழிலை விட்டுவிட்டுப் போவார்கள்.

5. தொழில் நிறுத்தம் அறிவிப்பது, அரசுடன் பேச ஆள் அனுப்புவது.

எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஆனாலும் பிரச்சினை என்று வந்தால் வருவாய்த் துறையும் காவல்துறையும் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவது பஞ்சாயத்தாரைத்தான். ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு போனால் மறுநாள் ஒரு படகும் இறங்காது. இப்படி ஒரு ஒழுங்கு வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது என்று தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணப் பொருள்களை வரிசைப்படுத்திப் பங்கிட்டதும் பெரும்பாலான ஊர்களில் இந்தப் பஞ்சாயத்துகள்தான். அதை மறக்கக் கூடாது.

குறை எங்கே இருக்கிறது? உறுப்பினர் கணக்கில். ஊருக்கு வரி கட்டும் அலகு தலைக்கட்டு. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. வரி கட்டுகிறவருக்குத்தான் கூட்டத்தில் பேச்சு. பெண்கள் மரபுப்படி உறுப்பினர்கள் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பட்டியல் எடுத்தபோது, கணவனை இழந்த பெண்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், மீனவர் அல்லாத தலித் குடும்பங்கள் ஆகியோர் பல இடங்களில் விடுபட்டார்கள். காரணம் தனிப்பட்ட யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. தலைக்கட்டுப் பட்டியலே நிவாரணப் பட்டியலாக ஆனது. பட்டியலில் இல்லாதவர் கண்ணில் படவில்லை.

இரண்டாவது, பேரூராட்சி. இது சட்டப்படி அமைந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு. வார்டு, கவுன்சிலர், தலைவர், செயல் அலுவலர் என்று எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016ல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தல் அந்த ஒதுக்கீட்டில்தான் நடந்தது. கடை உரிமம், குப்பை, தெருவிளக்கு, குடிநீர், சாலையோரக் கடைக்கு இடம் ஒதுக்குவது எல்லாம் பேரூராட்சியின் வேலை.

சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்களுக்குப் பாதி இடம் இருக்கிற மன்றம் குப்பையையும் விளக்கையும் முடிவு செய்கிறது. பெண்களே இல்லாத மன்றம் நாளை படகு இறங்குமா என்பதை முடிவு செய்கிறது. ஒரு இட்லிக்கடைக்கு எது பெரிய முடிவு? குப்பை ஒரு நாள் எடுக்காவிட்டால் முகம் சுளிக்கலாம். படகு பத்து நாள் இறங்காவிட்டால் கடையை மூட வேண்டும்.

## சுருக்குமடித் தகராறு கடைக்கு வரும் வழி

மயிலாடுதுறை, நாகை, கடலூர் கடலோரத்தில் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி வந்த தொழில் நிறுத்தங்களுக்கு முக்கியமான காரணம் சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டமாக வலையை விட்டு, அடியில் ஓடும் கயிற்றை இழுத்துச் சுருக்கி, கூட்டத்தை மொத்தமாக அள்ளும் முறை இது. மத்தி, கானாங்கெளுத்தி போலக் கூட்டமாகத் திரியும் மீனுக்குப் பயன்படுகிறது. ஒரு நல்ல நாளில் ஒரு படகு அள்ளுவது, சின்ன வலைக்காரர்கள் பல பேர் பல நாளில் பிடிப்பதற்குச் சமமாகிவிடும்.

தமிழ்நாடு அரசு இதை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆனால் பெரும் பணம் போட்டு வலையும் படகும் வாங்கியவர்கள் ஒரு பக்கம், சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் மறுபக்கம் என்று ஊர்களே பிரிந்து நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு சில நிபந்தனைகளோடு அனுமதித்தது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு அப்பால்தான் விடலாம், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. ஆதரிப்பவர்களுக்கு நேரம் போதவில்லை. எதிர்ப்பவர்களுக்கோ, எல்லைக்குள் விடமாட்டார்கள் என்று யார் காவல் நிற்பது என்ற கவலை.

இதில் யார் சொல்வது சரி என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கரையோர மீனை நம்பியிருக்கும் சின்னப் படகுக்காரரின் அச்சத்தில் நியாயம் அதிகம். மீன் வளம் ஒருமுறை வற்றிவிட்டால் வலையை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போக அவரிடம் மூலதனம் இல்லை. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது போராட்டம் கடைகளை எப்படித் தொடுகிறது என்பதைத்தான்.

1. தொழில் நிறுத்தம் அறிவித்த மறுநாள் விடியற்காலையே இட்லிக்கடைக்கு ஆள் குறைகிறது. முந்தின நாள் ஊறப்போட்டு அரைத்த மாவு அப்படியே நிற்கிறது.

2. ஏலம் நடக்காது. கூடை மீன் எடுத்து ஊர் ஊராக விற்கும் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்களிடம் வாங்கும் மெஸ்கள் காரைக்கால், நாகப்பட்டினம் என்று வெளியே வாங்கப் போக வேண்டும்.

3. போராட்டம் நீண்டால் ஊருக்கு ஆதரவாகக் கடையடைப்பு வரும். இதற்கு வணிகர் சங்கம் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் எல்லாம் ஊர்க்காரர்கள்; கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடம் விற்பது?

4. மறியல் நடந்தால் பேருந்து ஓடாது. சுற்றுலா வேன் வராது. அப்போதுதான் வறுவல் கடைக்கும் மெஸ்ஸுக்கும் அடி விழுகிறது. செய்தியில் 'வியாபாரம் பாதிப்பு' என்று வருவது இந்தக் கட்டத்தில். முதல் கடையின் மாவு அதற்குச் சில நாள் முன்பே புளித்துப்போயிருக்கும்.

## கடைக்கான முதலீடு எங்கிருந்து வருகிறது?

அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, மீன். தினமும் காலையில் காசு வேண்டும். இதற்கு ஊரில் மூன்று வழி.

தினமும் வந்து வசூலிக்கும் தண்டல் கடன் முதல் வழி. பொதுவாக நடக்கும் கணக்கு இது: 10,000 ரூபாய் கடன் என்று எழுதி 9,000 ரூபாய் கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு வட்டி 1,000 ரூபாய்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கடன் வாங்கியவர் கையில் சராசரியாக இருப்பது 4,500 ரூபாய் அளவுதான். 4,500க்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இதைத் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். அத்தாட்சி கேட்காமல் காலை ஆறு மணிக்கு வாசலுக்கே வந்து பணம் தருகிறவர் வேறு யாரும் இல்லை.

மகளிர் சுயஉதவிக் குழு இரண்டாவது. தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் தொடங்கிய முறை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வேகமாகப் பரவியது. பத்திலிருந்து இருபது பேர் சேர்ந்து சேமித்து, தமக்குள் கடன் கொடுத்துக்கொண்டு, பிறகு வங்கியில் கடன் வாங்குவார்கள். வட்டி தண்டலோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சிக்கல் என்னவென்றால், தவணை மாதாமாதம் ஒரே அளவில் வரும். கடலோர வருமானம் அப்படி வராது. தடைக்காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் குழுவுக்குத் தவணை கட்ட ஒருவர் தண்டல் வாங்கினால் குழுவால் வந்த லாபம் அங்கேயே போய்விடும். தவணையை ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைத்து, ஜூலைக்குப் பிறகு கூட்டி அமைக்கலாம். விவசாயக் கடனுக்கு அறுவடையை ஒட்டித் தவணை வைக்கும்போது இதற்கு ஏன் வைக்கக் கூடாது?

மூன்றாவது, சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன். 2020ல் கொரோனா காலத்தில் முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கியது; 2025ல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்து கூடுதல் தொகை, வட்டியில் 7 சதவீத மானியம். பேரூராட்சியாக இருப்பதால் தரங்கம்பாடி இதற்குள் வரும். ஆனால் விற்பனைச் சான்றோ, பேரூராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் நிற்கிறது.

## அந்தத் தாளுக்கான சட்டம்

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014ல் வந்தது. தெருவில் விற்பதைக் குற்றமாகப் பார்க்காமல் தொழிலாகப் பார்த்த சட்டம். அதன் முக்கியமான விதிகள்:

1. ஒவ்வொரு நகர்ப்புற உள்ளாட்சியும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும்.

2. குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்த இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு.

3. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுப்பில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்று.

4. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது.

5. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

வறுவல் கடை நடத்தும் பெண்ணுக்குச் சட்டப்படி உறுதியான இருக்கை உள்ள இடம் இந்தக் குழுதான். ஊர் பஞ்சாயத்தில் இல்லாதது, வணிகர் சங்கத்தில் சந்தா கட்டும் பெரிய கடைக்காரர்களுக்கு நடுவே கிடைக்காதது, இங்கே எழுத்தில் இருக்கிறது. சின்ன ஊர்களில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சொந்தத் திண்ணையில் நடக்கும் இட்லிக்கடை இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அது தெருவில் இல்லை. அதற்கு வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவும் பேரூராட்சிக் கடை உரிமமும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. சின்னக் கடைக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். வறுவல் கடைகளுக்கு முக்கியமான விதி எண்ணெய் பற்றியது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெய் கெட்டு அதில் சேரும் துருவப் பொருள்களின் (polar compounds) அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. கடைக்காரரால் அதை அளக்க முடியாது; நிறம் கறுத்து, நுரை கட்டி, ஒட்டும் பதம் வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

கடற்கரையில் நிரந்தரக் கட்டடமாகக் கடை ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல் அலை ஏறும் உயர் எல்லையிலிருந்து பொதுவாக 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அதற்குள் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது சின்னக் கடைக்காரரால் நடக்காத காரியம். தள்ளுவண்டியும் ஓலைச் சார்ப்புமாக இருப்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை.

## கோயில், திருச்சபை, ஜமாஅத்

இவை உணவுக் கடைகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் எந்த நாளில் எதை விற்க முடியும் என்பதை இவற்றின் நாட்காட்டி சொல்லிவிடும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்காகக் காவி உடுத்தி நடந்துபோகும் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போகிறது. விரதம் இருப்பவர்கள் நிறைய. அந்த வாரத்தில் மெஸ்ஸில் சாம்பாரும் எலுமிச்சைச் சாதமும்தான் ஓடும். வழியெங்கும் அன்னதானப் பந்தல் போடுவார்கள். அப்புறம் புரட்டாசி. நோன்பு மாதத்தில் சாயங்காலக் கஞ்சியும் வடையும். ஒரே கடைக்காரர் இவ்வளவுக்கும் ஏற்றபடி சரக்கை மாற்றிக்கொள்கிறார். இதைத் திட்டமிடும் திறமை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதுதான் அது.

## அடுத்து கேட்க வேண்டியவை

ஊர் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கை. நாகப்பட்டினத்தில் மீனவப் பெண்களிடையே வேலை செய்யும் ஸ்நேகா போன்ற அமைப்புகள் இதைப் பேசி வருகின்றன. அது ஊர் தானாக முடிவு செய்ய வேண்டியது, வெளியிலிருந்து உத்தரவு போட்டால் நிற்காது. அதற்கிடையில் சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதை வாங்குவது சாத்தியம். பேரூராட்சியில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று, நகர விற்பனைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, அதில் வியாபாரிகளின் இடங்களுக்குத் தேர்தல் நடந்ததா?

இரண்டு, மீனவர் நிவாரணப் பட்டியல் எடுக்கும்போது கரையோரக் கடைகளையும் குறித்துக்கொள்ள மீன்வளத் துறையிடம் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு அனுப்புமா? பாதிப் பேர் பெண்களாக இருக்கும் மன்றத்தால் செய்ய முடிந்த காரியம் இது.

மூன்று, அடுத்த கணக்கெடுப்பு எந்த மாதம், எந்த நேரம்? கோட்டைப் பக்கத்து வறுவல் கடை மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் வரும். கரையில் பாத்திரம் வைத்து இட்லி விற்கும் பெண் காலை எட்டு மணிக்கெல்லாம் எழுந்து போய்விடுவார். தொழில் நிறுத்தம் நடக்கும் வாரத்தில் இருவருமே இருக்கமாட்டார்கள். வேலை நாளில் பதினோரு மணிக்குப் பதிவேட்டோடு வருகிற அலுவலர், கடற்கரையில் கடைகளே இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். அடுத்த கணக்கெடுப்புக்கு ஐந்து ஆண்டு ஆகலாம். அதுவரை சான்றும் இல்லை, கடனும் இல்லை, குழுவில் வாக்கும் இல்லை.